தண்ணீர்க் கழிவு

நண்டு கம்பெனித் தராசில்
ஆளில்லாத ஒரு மதியம் நானே ஏறி நின்றேன்.
தொண்ணூற்று நாலு கிலோ, முந்நூறு கிராம்.
கூடை இருந்தால் கூடையைக் கழிக்கலாம்.
பனிக்கட்டி இருந்தால் பனிக்கட்டியைக் கழிக்கலாம்.
என்னிடம் கழிக்க இருந்தது
செருப்பு மட்டும்.

மண்டபம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஹபீபா
சர்க்கரைச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"ராத்திரி எட்டு மணிக்கு வாயை மூடுங்க.
மறுநா பன்னண்டுக்குத் திறங்க.
நடுவுல தண்ணி, சீனி போடாத டீ.
எங்க நோன்புல அதுவும் கிடையாது, இது சுலபம்.
தலை சுத்துனா உடனே சாப்பிடணும். வீரம் வேணாம்."
டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார்.

முதல் நாள் பன்னிரண்டு அடித்ததும்
ஊளிமீன் குழம்பில் மூன்று தட்டுச் சோறு.
"ஜன்னலத் திறக்கச் சொன்னா
லாரிய உள்ள விடுறீங்களே" என்றார் ஹபீபா.

முதல் வாரம்
ஜெட்டியில் இறங்கிய ஒவ்வொருவனும்
எனக்கு எதிரியாகத் தெரிந்தான்.
வள்ளங்கள் கரை தட்டும் நேரம் பார்த்து
பஸ் ஸ்டாண்டு வடை வாசம்
காற்றில் ஏறி எடைமேடை வரை வந்தது.
தலைவலி. நாக்கில் துருவின் ருசி.
ஒன்பது மணிக்கு வயிறு
கட்டிப்போட்ட நாய்போல ஊளையிட்டு
பத்தரைக்குத் தானே சுருண்டு படுத்தது.
அந்தப் பத்தரையைப் பற்றி
யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.
பசிக்கும் ஏற்றவற்றம் உண்டு.

இந்தக் கடலுக்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தானே.
விசைப்படகு போகும் நாளில் நாட்டுப்படகு போகாது.
சித்திரை பிறந்தால் அறுபத்தோரு நாள்
இழுவைமடி இறங்காது.
கடல் அதில் கொழுக்கும்.
நான் இளைத்தேன்.

ஆணியைச் சுட்டு பெல்ட்டில் மூன்று ஓட்டை போட்டேன்.
மாடிப்படியில் முழங்கால் பேசுவதை நிறுத்தியது.
மூன்று மாதச் சர்க்கரை
எட்டரையிலிருந்து ஏழுக்கு இறங்கியது.
குறட்டை நின்ற முதல் இரவு
புஷ்பம் பயந்துபோய்
என் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள்.

ஆனால் எங்கள் ஊரில் மெலிவதற்கு
நல்ல காரணம் என்று ஒன்று கிடையாது.
கடனா என்றார்கள். கல்லீரலா என்றார்கள்.
மகள் யாரோடாவது போய்விட்டாளா என்று
மகளே இல்லாத என்னிடம் கேட்டார் கோவில்பிள்ளை.
பைனான்ஸ் ராயப்பன்
தவணைக்கு ஒன்பது நாள் முன்பே வீட்டுக்கு வந்து
என் கன்னத்து எலும்பை
அடகுப் பத்திரம்போல உற்றுப் பார்த்து
"ஒடம்பப் பாத்துக்கங்க" என்றான்.
அவ்வளவு அன்பாக அவன் பேசியதே இல்லை.

ஒன்று சொல்ல மறந்தேன்.
முதல் மாதக் கடைசியில் நாலு கிலோ குறைந்திருந்தது.
பெருமையாகப் போய் நின்றேன்.
"அதுல பாதி வெறும் தண்ணி, அண்ணே.
கழிச்சுத்தான் எழுதணும்" என்றார் ஹபீபா.

சுருக்கென்றது.
இருபது வருஷமாக அது என் வசனம்.
கூடைக்கு இருநூறு கிராம்
தண்ணீர்க் கழிவு.
"நல்லாப் பாருங்கம்மா, தண்ணியில்ல, அம்புட்டும் சதை"
என்று வாதாடினேன்.
சொல்லும்போதே தெரிந்தது,
அது என் குரலில்லை.
நண்டுவலைக்காரி செங்கோல்மேரியின் குரல்.

மறுநாள் அவள் கூடையை இறக்கினாள்.
"நீ இன்னும் சாப்பிடலையாமே" என்று சிரித்தாள்.
"பன்னண்டுக்குத்தான்."
"நானுந்தான். நேத்து மத்தியானம் தின்னது."
அதற்கு அவளிடம் பெயரில்லை.
நண்டு விற்று முடியும் நேரம்தான்
அவளுக்குப் பன்னிரண்டு.

கூடையைத் தூக்கிப் பிடித்தேன்.
சொட்டியது. சொட்டட்டும் என்று நின்றேன்.
பதினாலு மணி நேரப் பசியில்
கை லேசாக நடுங்கியது.
கடைசிச் சொட்டும் விழுந்தபின் தட்டில் வைத்தேன்.
மூன்று கிலோ எண்ணூறு.

இருநூறு கழிக்கிற இடத்தில்
ஐம்பது கழித்தேன்.
முழுசாகத் திருந்த எனக்கு
இன்னும் பத்துக் கிலோ பாக்கி.