கலம்

ரங்கூன் கொடவுன்களில் வீசை என்றுதான் எழுதினார்கள்.
நம் சொல்லாயிற்றே என்று தைரியமாகத் தூக்கினேன்.
கனம் வேறு.
சென்னை வீசைக்கு மேல் நாலு கை அரிசி.
அதிலிருந்து சொல்லை நான் நம்புவதில்லை,
கல்லைத்தான். அதையும்
சனிக்கிழமைதோறும் துடைத்த பிறகு.

கலமும் அப்படித்தான்.
பன்னிரண்டு மரக்கால் நெல் என்று படித்தது,
பாமோ வந்தபின்
இரண்டு சிவப்புக் கோடுகளுக்கு நடுவே கிடக்கும் இடம்.

வரவு ஒரு கலம். பற்று ஒரு கலம்.
எலி தின்றது, வண்டு தின்றது,
ஐராவதி ஸ்டீமரில் நனைந்தது,
கோணி கிழிந்து வழியில் சிந்தியது, எல்லாம் தனித்தனி.
கோவேறு கழுதைத் தீனி என்று அகலமாக ஒன்று.
சீனத்தைப் பார்த்த மலைமேல் ஆறு காவல்சாவடி.
கடைசிச் சாவடிக்கு ஆறு நாள் ஏற்றம், ஆறு நாள் இறக்கம்.
சுமப்பதில் ஒரு பங்கைச் சுமப்பதே தின்றுவிடும்.
இதை மேலிடத்துக்குப் புரியவைக்க
மூன்று மழைக்காலம் ஆயிற்று எனக்கு.

மா யூஷானுக்கு முப்பத்தோரு கழுதை.
யுன்னான் முஸ்லிம். தாடியில் எண்ணிப் பத்து முடி.
என் பேரேடு அவனுக்கு வாசிக்க வராது.
மூங்கில் பத்தையைப் பிளந்து
பாதி என்னிடம் தருவான், பாதி மலைக்குப் போகும்.
அரிசி வாங்க வாசலுக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும்
கத்தியால் ஒரு வெட்டு.

ஆறாம் சாவடி ஹவில்தார் தாளில் பன்னிரண்டு பேர்.
மூங்கிலில் பதினொன்று.
போன மாதமும் பதினொன்று.

'லாபை நோ' என்றான் யூஷான், நான் கேட்காமலே.
'காய்ச்சல். மழை பிடித்த வாரம்.'
'அவன் அரிசி?'

ஒரு நாள் நடைக்குக் கீழே மூங்கில் வீடு ஒன்று.
பெண்சாதி. மூன்று பிள்ளைகள், ஒன்று முதுகுத் துணியில்.
ஹவில்தாரே தூக்கிப் போய் இறக்குகிறாராம்.
பென்ஷன் மனு மேமியோவில்
யாருடைய மேஜையிலோ குளிர்காய்கிறது.

மாதம் பன்னிரண்டரை வீசை.
எலியின் தலையில் எழுதலாமென்று பேனாவை நனைத்தேன்.
எலி அவ்வளவு தின்றால்
பூனை எங்கே என்று கேட்பார்கள்.

யூஷான் கோணிமேல் உட்கார்ந்து புகைத்தான்.
வடக்கே மணல்காட்டில், ஒரு குளிர்காலம்,
அவன் சித்தப்பா இடிந்த காவல்கோபுரத்தில் தங்கினாராம்.
அடுப்புக்காக மணலைக் கிளறினால்
கட்டுக்கட்டாய் மரச்சீவல்,
ஒவ்வொன்றிலும் மை.
எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் எரித்தார்:
இந்தக் காவலாள், மாதத்துக்கு இவ்வளவு தினை.
அவன் பெண்சாதி, வயது இருபத்தொன்பது, இவ்வளவு.
மகள், வயது ஏழு, இவ்வளவு.
மகன், வயது மூன்று,
அங்கே தீ நன்றாகப் பிடித்துக்கொண்டதாம்.

'எத்தனை வருஷத்துக்கு முந்தி?'
'அந்தச் சீவல் சட்டென்று பற்றியது
என்பதுதான் அவருக்குத் தெரியும்.'

பேரேட்டை முன்னும் பின்னும் புரட்டினேன்.
எலிக்கு இடமுண்டு, வண்டுக்கு உண்டு,
சிந்தியதற்கு, நனைந்ததற்கு.
பெண்சாதி என்று கோடு போட
எந்த அச்சாபீசிலும் யாருக்கும் தோன்றவில்லை.

கழுதைக் கலத்தில் எழுதினேன்.
எண் முப்பத்திரண்டு. நிறம் பழுப்பு.
தீனி பன்னிரண்டரை வீசை.
கை கூசியது. 'பழுப்பு' மட்டும்
கொஞ்சம் மை பரவிவிட்டது.

யூஷான் தன் பாதியில் இன்னொரு வெட்டு வெட்டினான்,
மற்ற பதினொன்றோடு சேர்க்காமல்,
கணுவுக்கு அந்தப் பக்கம்.

ஐப்பசியில் மாண்டலேயிலிருந்து தணிக்கைக்காரர் வந்தார்.
எலிகளைக் குறைக்கச் சொன்னார்.
கல்லை நிறுத்துப் பார்த்து, சரி என்றார்.
கொட்டிலுக்குப் போய்க் கழுதைகளை
விரல் நீட்டி எண்ணினார்.
முப்பத்தொன்று என்றார், என் முகத்தைப் பார்த்து.

'ஒன்று மலையில் இருக்கிறது ஐயா' என்றேன்.
'சுமை இறங்க இன்னும் நாளாகும்.'