பந்து யார் கையில் இருந்தது

செங்காங் திடலில் மூன்றாவது கால்பகுதி,
நான்கு நிமிடம் மிச்சம்.
மின்னல் எச்சரிக்கை ஊளையிட்டது,
கம்பத்தின் உச்சியில் விளக்கு சுழன்றது.
விசிலை ஊதினேன்.
ஊதிய நொடியில் என் கண்
பந்தின்மேல் இல்லை.
எதிர் புளோக்கின் ஒன்பதாம் மாடியில்
துணி காயும் மூங்கில் கழிகளை
உள்ளே இழுக்கும் இரண்டு கைகளைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பது நிமிடம் மழை.
இரண்டு அணியும் ஒரே கூரைக்குக் கீழே.
கிடங்குக்காரிகளின் மைலோ பொட்டலங்கள்
பல் மருத்துவமனைத் தாதிகளின் கைக்குப் போயின.
ரோஸ்லினா வீங்கிய கணுக்காலை
தன்னை இடித்தவளின் பைமேல் வைத்திருந்தாள்.
நான் ஒதுங்கி உட்கார்ந்து
ஓரம் நனைந்த விதிப்புத்தகத்தைப் பிரித்தேன்.

கோல் விழுந்தால் ஆட்டம் நடுவட்டத்துக்குத் திரும்பும்.
போட்டது யார், வாங்கியது யார் என்று பார்ப்பதில்லை,
முறை மாறி மாறி வரும்.
பந்து கோட்டைத் தாண்டிப் போனால்
மற்ற எல்லோரும் உள்ளே வந்த பிறகு
காலைக் கோட்டருகில் வைத்து, கோட்டை மிதிக்காமல்,
மூன்று நொடிக்குள் எறி.
இடித்தவள்
இடிபட்டவளுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்,
பேச்சில்லாமல், கை நீட்டாமல்,
அவள் கையைவிட்டுப் பந்து போகும்வரை.
அவ்வளவுதான்.
அடுத்த நொடி இவளும் ஓடலாம்.

இந்த இடத்தில் எப்போதும் நின்றுவிடுவேன்.
வீட்டில் பத்தொன்பது நாளாக
ஒரு ஆட்டம் நின்று கிடக்கிறது.
நானும் என் தங்கை இந்திரஜாவும்.
தொடங்கியது குளிர்சாதனக் கட்டணம்,
முடிந்தது எங்கேயோ.
கடைசிச் சொல் அவளுடையது என்பது என் கணக்கு.
அவள் கணக்கு வேறாக இருக்கும்.
கேட்கவில்லை.

விளக்கு அணைந்தது.
பச்சைத் தரையில் தேங்கிய தண்ணீரை
ரப்பர் துடைப்பத்தால் தள்ளினார்கள்.
பதினான்கு பேரும் அவரவர் பகுதியில் வந்து நின்று
என்னைப் பார்த்தார்கள்.

"பந்து எங்களுடையது."
"இல்லை, என் விரல் பட்டுடுச்சு."
"அம்பயர் பார்த்திருப்பாங்க லா."

மறுபாதி நடுவர் தலையை ஆட்டினார்,
அவர் பக்கம் இல்லை அது.
ஏதாவது ஒரு கையைக் காட்டியிருக்கலாம்.
யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.
மழை எல்லோர் ஞாபகத்தையும் கழுவியிருந்தது.

"நான் பார்க்கவில்லை" என்றேன்.

யாரோ நாக்கைச் சப்புக்கொட்டினாள்.
ஆனால் அந்த ஆண்டுப் புத்தகத்தில்
தெரியாது என்பதற்கும் ஒரு பக்கம் இருந்தது:
இரண்டு பேர், எதிரெதிரே,
மூன்றடி இடைவெளி,
கைகள் உடம்போடு ஒட்டி,
ஒருத்தரும் அசையக்கூடாது.
ஹுய் ஷான் உயரம். பூமாரி குட்டை.
குட்டையானவளின் தோளுக்குச் சற்றுக் கீழே
உள்ளங்கையில் பந்தை ஏந்தினேன்.
இருவர் மூச்சும் என் மணிக்கட்டில் பட்டது,
மைலோ வாசனை.

ஊதினேன். பந்து எழுந்தது.
பூமாரி எடுத்தாள்.
எடுத்துப் போட்டதும் வெளியே போனது.
கோல் எல்லாம் இல்லை.

இரவு பத்தரைக்கு வீடு.
ஈரக் காலணியை வாசலிலேயே விட்டேன்.
இந்திரஜா திறந்த குளிர்பெட்டி முன்னால் நின்றாள்.
எங்கள் சமையலறை அகலமே மூன்றடிதான்.
நானும் நின்றேன், கைகளைத் தொங்கவிட்டு.
ஊத ஆளில்லை.
பெட்டியின் மோட்டார் ஒருமுறை குலுங்கி அடங்கியது.

"முட்டை முடிஞ்சிருச்சு."

பெட்டியிடம் சொன்னாளா, என்னிடமா,
தெரியவில்லை.
பணப்பையை எடுத்துக்கொண்டு
வெறுங்காலோடு
மின்தூக்கிவரை போய்விட்டேன்,
பிறகுதான் காலணிக்குத் திரும்பினேன்.
கதவை அவள் இன்னும் சாத்தவில்லை.
"பத்து முட்டை போதும்" என்றாள்.