பதினோரு பேர்

கொளத்தூரில் ஒரு தண்ணீர் கேன் குடோன்,
அதுதான் ஒத்திகை அறை.
கேன்கள் நிறைந்திருந்தால் டிரம்ஸ் அடக்கமாய்க் கேட்கும்.
மே மாதம் எல்லாம் விற்றுப்போய்
சுவர்கள் எங்களைத் திருப்பித் திட்டும்.

நேற்று வேளச்சேரியில், ஜூஸ் கடை மாடியில்,
பதினோரு பேர்.
ஒருத்தி ராய்ஸ்டனின் தங்கை,
இருவர் பார்சலுக்குக் காத்திருந்த டெலிவரிக்காரர்கள்.
மூன்றாம் பாட்டில் ஆம்ப் புகைந்தது.
கிருபா ஸ்டாண்டை மடக்கத் தொடங்கிவிட்டான்.
ஜபீன் நிறுத்தவில்லை.
மைக் இல்லாமல், மிக்சி இரைச்சலுக்கு மேலே,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனின் பாட்டு,
நாங்கள் எழுதியது.
பார்சல் கைக்கு வந்த பிறகும்
ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர்
முடியும்வரை நின்றார்.
"அடுத்து எப்ப பாடுவீங்க?"
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சம்பளம்: ஆளுக்கொரு பர்கர், ஆறியது.
குட்டியானைக்கு எண்ணூறு.
கத்திப்பாரா மேலே
டிரம்ஸைக் கட்டிப்பிடித்தபடி கணக்குப் போட்டோம்,
ஆம்புக்கு நாலாயிரம்.
கிருபாவுக்குத் திங்கள் முதல் நைட் ஷிஃப்ட்.
அதைக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

வடபழனிப் பள்ளத்தில் வண்டி குதிக்க
சிம்பல் தானாக ஒருமுறை சிணுங்கியது.
"லேட்டா அடிக்குது" என்றான் கிருபா,
விரலால் தட்டிக் காட்டினான்
எங்கே விழுந்திருக்க வேண்டுமென்று.