ஏழாவது இறகு

கோல்ட்ஸ்ட்ரீமில் பிப்ரவரி.
நூலக வேனைக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்து
சாப்பாட்டு மேசையில் கிடுக்கியைத் திருகி
விளக்கைத் தாழ்த்துகிறேன்.
ஆறு ஈக்கள் கேட்டிருக்கிறார் கெல்சோ வக்கீல்.
பறக்காத ஈ.
சால்மனின் பொறுமையைச் சீண்டிப் பார்க்க
கொக்கியின் முதுகில் கட்டும் பொய்.

சிவப்பு, மஞ்சள், நீலம்:
சாயமேற்றிய வாத்திறகிலிருந்து நந்நான்கு இழை கிழித்து
விளிம்போடு விளிம்பை வைத்து
விரலால் ஒருமுறை நீவினால் போதும்,
கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள்
ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பசை கிடையாது.
இதற்கு எங்கள் வேலையில் கல்யாணம் என்று பெயர்.

ஒரே நிபந்தனை.
இடச்சிறகின் இழை இடச்சிறகின் இழையோடுதான் சேரும்.
மாற்றி வைத்தால் நாளெல்லாம் நீவினாலும்
பேருந்தில் அடுத்தடுத்து உட்கார்ந்த அந்நியர்கள் மாதிரி
தொட்டுக்கொண்டே தனித்தனியாக நிற்கும்.

ஜனவரிக் கடைசியில் பாலத்துச் சாலையில்
லாரி அடித்துப் போட்ட வாத்து.
நான் போய்ச் சேர்வதற்குள்
யாரோ வலச்சிறகை மூட்டோடு அறுத்தெடுத்திருந்தார்கள்.
சுத்தமான வெட்டு. அந்தக் கத்தியை எனக்குத் தெரியும்:
ரால்ஃப் டாட்ஸ், அக்கரை கார்ன்ஹில்,
என் நல்ல கத்தரிக்கோலை இரவல் வாங்கி
அதில் கம்பி வெட்டித் திருப்பித் தந்தவர்.
நாலு வருஷமாகப் பேச்சில்லை.
மிச்சமிருந்த இடச்சிறகை நான் எடுத்துக்கொண்டேன்.

முயலாமல் இல்லை.
இடதையே புரட்டி வலதாக்கி ஓர் ஈ கட்டினேன்.
குளியல் தொட்டியில் விட்டு இழுத்தபோது
ஒருக்களித்துச் சாய்ந்து
பம்பரமாய்ச் சுழன்றது.
இடம் வலம் தெரியாதவன் என்று ஆளைத் திட்டுகிறோம்.
தண்ணீருக்கு நன்றாகவே தெரிகிறது.

சனிக்கிழமை நடந்தே போனேன்.
பாலத்தின் நடுவில் ஸ்காட்லாந்து முடிகிறது,
காற்று முடிவதில்லை.
கதவைத் திறந்தவர் என் கையிலிருந்த உறையைப் பார்த்தார்.
'எத்தனை?'
'ஆறு.'
உள்ளே போனார், இழுப்பறை திறக்கும் சத்தம்.
மூன்று வாரமாக வெறும் வலதுகளை வைத்துக்கொண்டு
என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.
வாசலோரம் ஒரு வாளி இருந்தது.
அதில் ஓர் ஈ மல்லாந்து கிடந்தது.

ஞாயிறு முழுக்கச் சாயச் சட்டி.
வீடெங்கும் வினிகர் வாடை.

இன்று கட்டுகிறேன்.
இரு சிறகின் உள்வளைவும் ஒன்றையொன்று பார்க்க
கொக்கியின் மேல் நிறுத்தி,
கட்டைவிரலும் ஆள்காட்டியும் கிள்ளிப் பிடித்து,
நூலை விரலுக்கும் இறகுக்கும் நடுவே மேலேற்றி
மறுபக்கம் தளர்வாய் இறக்கி
நேர் கீழே, நேர் கீழே மட்டும் இழுக்க வேண்டும்.
பக்கம் சாய்த்து இழுத்தால்
சிறகு கொக்கியின் தோளைவிட்டு உருண்டுவிடும்.
இழைகள் மடங்கக் கூடாது,
ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வேண்டும்,
என் வேனில் படுக்கவைத்த அகராதிகளைப் போல.
மூன்று சுற்று முடியும்வரை பிடி தளரக் கூடாது.
தொலைபேசி அடிக்கிறது.
அடிக்கட்டும்.
மூச்சே அப்புறம்தான்.

சொல்ல விட்டுப்போனது:
அன்றிரவு உறையைக் கவிழ்த்து எண்ணினேன், ஏழு.
ஒன்றைக் கூடுதலாக வைத்தாரா, எண்ணத் தெரியாதவரா?
அந்த ஏழாவதில்தான் முதல் சிறகைப் பாழாக்கினேன்.
இரண்டாம் சுற்றிலேயே விரலை எடுத்துவிட்டேன்,
காற்றில் புரண்ட குடையாய் விரிந்துபோனது.

மற்ற ஆறும் போதும்.
மீன் இதையெல்லாம் பார்ப்பதில்லை,
வக்கீல்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்.

என் டப்பாவில் ஓர் இடது இறகைத்
தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நல்ல இறகு,
நுனிகூட உடையாதது. டாட்ஸுக்குச் சேர வேண்டியது.

கத்தரிக்கோல் விஷயம் வேறு.