பதினேழாம் ஓட்டம்

மன்ஹைம் நகர நடுவில் தெருக்களுக்குப் பெயர் இல்லை.
எழுத்தும் எண்ணும்தான்.
கணக்குத்தாளின் கட்டங்களில் நடப்பவனைப்போல்
காலை எட்டரைக்கு ஆய்வுகூடம் போகிறேன்.
என் வேலை சோதனை:
ஒரு நிரல் சரியாக நோயுறுகிறதா என்று பார்ப்பது.

அதற்கு நாற்பது ஜெர்மன் சொற்கள் தெரியும்.
சந்தை இரைச்சலுக்குள் முணுமுணுத்தாலும் பிடித்துக்கொள்ளும்.
பிறகு அதன் இணைப்புகளை
நூற்றுக்கு ஐந்து, நூற்றுக்குப் பத்து என்று
நறுக்கிக்கொண்டே வருவோம்,
கீரை ஆய்வதைவிடக் கவனக்குறைவாக.

வியாழன் பதினேழாம் ஓட்டம்.
ஒலிவாங்கியை அடைத்திருந்தோம்.
உள்ளே ஒன்றும் போகவில்லை.
திரையில் வந்தது: கதவு.
சற்றுப் பொறுத்து மறுபடியும், கதவு.

அனெக்ரெட் லோஃப்லர் நாற்காலியை உதைத்துத் தள்ளி எழுந்தாள்.
யாரோ கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.
படிவத்தில் எழுதினேன்:
எதிர்பார்த்தது பிழை. கிடைத்தது பிழை. ஆகவே சரி.

மதூசனாவை இருபத்திரண்டு வயதில்
குளிர்பெட்டி பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது
கைதட்ட ஆளிருக்கவில்லை.
அம்மா தேசிக்காய் வெட்டிக் கழிப்புக் கழித்தா.
நான் மின்செருகியைப் பிடுங்கிக் காட்டினேன்,
பார், வெறும் பெட்டி.
பால் கெட்டது. குரல் கெடவில்லை.

சனிக்கிழமை டிராம் பிடித்து ரைனைக் கடந்து
லுட்விக்ஸ்ஹாஃபனில் அவள் இருக்கும் விடுதிக்குப் போனேன்.
ஊசி போட்ட வாரம். நாக்குத் தடித்திருந்தது.
சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

உறைப்பு மிக்சரைக் கிளறிக்கொண்டே கேட்டாள்:
"கதவெண்டே சொன்னது? திறக்கவோ, பூட்டவோ?"

தெரியாது என்றேன்.

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே?"

இல்லை. அந்தப் படிவத்தில் அதற்கு இடமில்லை.
மாலை ஆறு மணிக்குப் பழைய பிரதியை ஏற்றிவிடுவோம்,
வெட்டியதெல்லாம் திரும்ப முளைத்துவிடும்,
அதற்கு ஒன்றும் ஞாபகம் இராது என்று
ஆறுதல்போல் சொல்லத் தொடங்கியவன்
அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினேன்.

கச்சானை மட்டும் பொறுக்கி என் பக்கம் ஒதுக்கி வைத்தாள்.
பிறகு எழுந்துபோய்
அறைக்கதவைத்
திறந்ததாகவும் இல்லாமல் பூட்டியதாகவும் இல்லாமல்
ஒற்றைச் செருப்பை முட்டுக்கொடுத்து நிறுத்தினாள்.

கொஞ்ச நேரம் அது நகர்கிறதா என்று பார்த்தாள்.

"இப்பிடி விடச் சொல்லுங்கோ," என்றாள்,
"அதிட்ட."