பின்வரிசைக்கான வெளிச்சம்

காத்தான்குடிக் கடையில்
ஏசி ஓடுகிறது, சீலை இழுத்து மூடியாயிற்று.
இருட்டில் எந்த விளக்கும் நல்ல விளக்குத்தான்.
"கைக்குள்ள அடங்கும், மிஸ்."
சவர்க்காரக் கட்டியளவு ஒன்றை
என் உள்ளங்கையில் வைக்கிறான் இல்ஹாம்.
சுவரில் சுவிஸ் நாடு விழுகிறது:
பனிமலை, நீல ஏரி, மணி கட்டிய பசு.
எனக்குப் பசு வேண்டாம்.

கைப்பையில் பென்டிரைவ்.
அதற்குள் இரண்டு பாம்பு.
ஒன்று புடையன், மற்றது வெங்கிணாந்திக் குட்டி.
இரண்டுக்கும் மண்நிறம், இரண்டின் மேலும் கறுத்த திட்டு.
புடையனில் அது சங்கிலியாய்க் கோத்திருக்கும்,
வெங்கிணாந்தியில் கிழித்தெறிந்த வரைபடம்போல் கிடக்கும்.
என் உரை இவ்வளவுதான்.
மீதி இருபத்திரண்டு படமும்
இதற்கு முன்னும் பின்னும் சொல்லும் வணக்கம்.

பெட்டியைத் திருப்பி வாசிக்கிறான்:
ஆறாயிரம் லூமன்.
"ஆர் எண்ணினது?"
சிரிக்கிறான். நல்ல பிள்ளை.
முதலாளியின் மேசையைப் பார்த்துக்கொண்டு
பெட்டிக்கு வெளியே இருநூறுதான் என்கிறான் மெதுவாக.

என் கணக்கு வேறு.
ஸ்கூட்டி ஆசனத்தின் கீழே
மழைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம்.
குருமண்வெளியில் பாதை ஏறவேண்டும்.
எங்களுக்குப் பாதை என்றால் தண்ணீரில் மிதப்பது.
அக்கரை போனால் கிரவல் றோட்டு,
எலும்பையும் ஆணியையும் ஒன்றாகக் கழற்றும்.
கரண்ட் இருந்தால் இருக்கும்.
கூட்டம் பகல் பதினொரு மணிக்கு,
தகரக் கொட்டில், மூன்று பக்கமும் வெயில்.
கருவியின் விசிறி என்னைவிடச் சத்தமாகப் பேசக் கூடாது.
இத்தனைக்கும் அலுவலகம் எழுதித் தந்தது
நாற்பத்தையாயிரம்.

வில்லவராசாவின் கதையைக் கடையில் சொல்லவில்லை.

போன மாரிக்கு முன், தும்பங்கேணியில்,
டெப்லெற்றை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி
வரிசை வரிசையாக நடந்தேன்.
கடைசி வரிசைக்குப் போகையில்
கையும் உளைந்தது, நேரமும் முடிந்தது.
எல்லாருக்கும் விளங்கிச்சா என்றேன்.
விளங்கிச்சு என்றார்கள்.
ஒன்பதாம் நாள்
வரப்பில் சுருண்டு கிடந்த வெங்கிணாந்திக் குட்டியைக்
காட்டில் விட நினைத்து
உரப்பைக்குள் எடுத்துப் போட்டிருக்கிறார்.
அடிக்காதீங்க, அது பாவம் என்று
சொன்னது நான்.
அது வெங்கிணாந்தி இல்லை.

வாட்டில் போய்ப் பார்த்தேன்.
கை தலையணையளவு.
"ஒங்கட கண்ணாடிக்குள்ள
கூரத் தகரந்தான் மிஸ் தெரிஞ்ச."
கோபமே இல்லாமல் சொன்னார்.

"சீலையத் திறங்க, தம்பி."
"வெளிச்சத்திலயா மிஸ்?"
"வெளிச்சத்திலதான்."
மூன்று கருவி, ஒரே படம்.
பிளேன்ரீ கொண்டுவந்த அசனார் காக்காவைக்
கதவடியிலேயே மறித்துக் கேட்டேன், இது என்ன?
சவர்க்காரக் கட்டிக்கு, "கயிறு".
அடுத்ததுக்கு, கண்ணைச் சுருக்கி,
"மீனா?"
மூன்றாவது செங்கல்லளவு,
கிலோவுக்கு மேலே, விலை அறுபத்தெட்டு.
அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தட்டத்தோடு கை பின்னுக்குப் போனது,
ஒரு தேத்தண்ணி கவிழ்ந்தது.
"இதக் கட்டுங்க," என்றேன்.

மழைக்கோட்டு இப்போது வீட்டில்.
மிச்சம் இருபத்துமூவாயிரத்தை
மாதாமாதம் சம்பளத்தில் கிள்ளுகிறேன்.
பற்றரி இரண்டு மணித்தியாலம் என்று எழுதியிருந்தது,
ஐம்பது நிமிடம் நிற்கிறது.
இருபத்திநாலு படத்தை ஏழாக வெட்டினேன்.
அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

மறுபடி தும்பங்கேணி.
வெள்ளை உரப்பைகளைப் பிரித்துத் தைத்த திரை,
உள்பக்கம் திருப்பியும் யூரியா என்று மங்கலாகத் தெரிகிறது.
அந்த எழுத்தின் மேல் புடையன் சுருண்டு கிடந்தது.
நான் நடக்கவில்லை, நின்ற இடத்தில் நின்றேன்.
கொட்டிலில் ஒரு கதிரையும் அசையவில்லை.
கடைசி வரிசையில் இருந்து
இரண்டு விரல் மடங்காத கையொன்று உயர்ந்தது.
"தலப்பக்கத்தக் கொஞ்சம் பெருப்பிச்சுக் காட்டுங்க, மிஸ்."

அதற்கான பொத்தான் எது என்று
குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்.