இரண்டு நிமிடம் நாற்பது விநாடி

காமிரா கிழக்கே நின்றால்
மேற்குப் பலகைக்குத்தான் விலை.
கிழக்குப் பலகைகளைக்
கடன்காரர்களுக்கும் கமிட்டித் தலைவரின் மச்சானுக்கும்
சும்மா கொடுப்போம்.
அவர்களும் குடும்பத்தோடு அதன் முன்னால் நின்று
படம் எடுத்துக்கொள்வார்கள்.

செக்கானூரணியில் மூன்று ராத்திரி கபடி.
விரிப்பு திண்டுக்கல்லில் இருந்து வாடகை.
விளக்குக் கோபுரம் நான்கு, ஜெனரேட்டர் இரண்டு,
டீசலுக்கு முன்பணம் கேட்டு
விடியுமுன் வரும் போன்கள் ஏழெட்டு.
பரிசுத்தொகை ஒரு லட்சம் என்று
நோட்டீஸில் சிவப்பாகப் போட்டிருந்தார்கள்.
அந்த ஒரு லட்சம்
அப்போது யாரிடமும் இல்லை.

காளவாசலில் தொடங்கி திருமங்கலம் வரை
இரண்டு மாதம் ஸ்கூட்டியில் அலைந்தேன்.
போனஸ் கோட்டை அப்பளக் கம்பெனிக்கு விற்றேன்.
சூப்பர் டேக்கிளை முறுக்குக்கம்பி வியாபாரிக்கு.
இடைவேளையை, பேரம் பேசிப் பேசி,
ஒரு ஜிகர்தண்டாக் கடைக்கு.
லோனாவை நகைக்கடன்காரரே கேட்டு வாங்கினார்:
"ஒரு கால் எழுத்துத்தானே மேடம் கூட இருக்கு?"

ஊரில் என்னைப் 'போர்டு மேடம்' என்பார்கள்.
ஆட்டத்தை நான் பார்த்தது கிடையாது.
ஆட்டத்தைச் சுற்றி நிற்கும்
பத்தடிக்கு மூன்றடியைப் பார்ப்பேன்.
யாராவது துண்டைக் காயப்போட்டால்
ஓடிப்போய் எடுப்பேன்.

தென்மேற்கு மூலை மட்டும் போகவில்லை.
கடைசி நாள் சாயங்காலம்
கே.கே. நகர் மூட்டு மருத்துவமனை மேனேஜர்
பாதி விலைக்கு எடுத்தார், மனசே இல்லாமல்.
"மூட்டுக்கு வர்றது அறுபது வயசுக்காரங்க மேடம்,
அவங்க இந்நேரம் தூங்கியிருப்பாங்க."

இறுதி ஆட்டம். மணி பன்னிரண்டே கால்.
முத்திருளன் பாடிப் போனான்.
கணுக்கால் ஒருவன் கையில்,
இடுப்பு இன்னொருவன் கையில்,
உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை.
மைக்காரர் பாதிச் சொல்லில் நிறுத்தினார்.
அவ்வளவு கூட்டத்திலும்
ஜெனரேட்டர் சத்தம் தனியாகக் கேட்டது.

தென்மேற்கு மூலை.
அழகுமலை காமிராவை நெருக்கினான்,
அங்கேயே வைத்திருந்தான்.
கடித்த உதடு, மண்ணில்லாத விரிப்பில்
மண்ணைத் தேடும் விரல்கள்,
பின்னால் நீலத்தில் வெள்ளையாக மருத்துவமனையின் பேர்,
இரண்டு தொலைபேசி எண்கள்.

என் கட்டைவிரல்
ஸ்டாப்வாட்சை எப்போது அழுத்தியது என்று
எனக்குத் தெரியாது.
ஸ்ட்ரெச்சர் அவனைத் தூக்கியபோது
இரண்டு நிமிடம் நாற்பது.
மற்ற பலகைகள் மூன்று ராத்திரியிலும் சேர்த்து
அவ்வளவு நேரம் தெரியவில்லை.

காலையில் மேனேஜரே கூப்பிட்டார்.
"அடுத்த வருசத்துக்கும் எங்களுக்கு அதே இடம்."
"எந்த இடம் சார்?"
"அதான், அந்தப் பையன் விழுந்த இடம்."
நாற்பதாயிரம் என்றேன்.
பேரமே பேசவில்லை.
"அந்தப் பையன் முட்டியையும் நீங்களே
பார்த்துவிட்டால் என்ன சார்?"
"அது வேற டிபார்ட்மென்ட் மேடம்."

பில் போட்டேன். பதினெட்டு சதவீத வரி தனியாக.
என் கமிஷன் ஆறாயிரம்.
அவர்கள் பலகையிலேயே சலுகை விலை என்று போட்டிருந்த
முட்டி ஸ்கேன் ஏழாயிரம்.

பெரியாஸ்பத்திரியில் இரும்புக் கட்டிலில்
காலை உயர்த்திக் கட்டியிருந்தார்கள்.
ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்,
பதினோராம் நாள் முறை வருமாம்.
"அக்கா, எத்தனை பேர் பார்த்திருக்காங்க?"
"ஒண்ணே முக்கால் லட்சம்."
அவன் சிரித்தான்.
பக்கத்துக் கட்டில்காரரிடம் திரும்பி
"ஒண்ணே முக்கால் லட்சம்ணே" என்றான்.

பையில் ஆறாயிரம் இருந்தது.
எடுத்தேனா என்று கேட்காதீர்கள்.
ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்துவிட்டு
ரேட் கார்டால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தேன்,
மின்விசிறி ஓடவில்லை.